கணினியில் பாட்டுக் கேட்க நடுத்தர விலை ஹெட்ஃபோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுத்தர விலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

போன் பெட்டிக்குள் இலவசமாக வந்ததற்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து விற்பதற்குக் கீழே. பெயர் சொன்னால் சட்டென்று புரியும்: சென்ஹைசர் எச்.டி. 560எஸ், எச்.டி. 599, பேயர்டைனமிக் டி.டி. 770 ப்ரோ, டி.டி. 990 ப்ரோ, ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ், சோனி எம்.டி.ஆர். 7506. கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயார் என்றால் எச்.டி. 600, எச்.டி. 650, ஹைஃபைமேன் சுந்தரா. இதில் 7506 வந்தது 1991-இல், எச்.டி. 600 வந்தது 1997-இல். இரண்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. போன வருடத்து மாடல் என்று ஒதுக்கிவிட்டு இந்த வருடத்து மாடலைத் தேட இது போன் இல்லை.

இந்த வட்டத்தைத் தாண்டினால் விலை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறும். ஒலி அந்தக் கணக்கில் ஏறாது. பெரும்பாலும் கிடைப்பது வேறு மாதிரியான ஒலிதான், இன்னும் நல்ல ஒலி என்று அடித்துச் சொல்ல முடியாது.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் அறையிலிருந்து. ஹெட்ஃபோனின் பின்பக்கம் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பதை அறைதான் முடிவு செய்கிறது.

திறந்த வகையில், அதாவது ஓப்பன் பேக்கில், ஒலியை எழுப்பும் பாகமான டிரைவருக்குப் பின்னால் சல்லடை போன்ற மூடிதான் இருக்கும். உள்ளே எழும் ஒலி பின்பக்கமாகவும் வெளியேறிவிடுவதால் கிண்ணத்துக்குள் மோதி எதிரொலிக்காது. பாட்டு தலைக்குள் அடைபடாமல் சற்று வெளியே விரிந்து நிற்பது போலக் கேட்கும், காதும் சூடாகாது. இதற்கான விலை: நீங்கள் கேட்பதைப் பக்கத்தில் இருப்பவரும் கேட்பார், மின்விசிறிச் சத்தம் உங்களுக்கும் கேட்கும். குளோஸ்டு பேக் எனப்படும் மூடிய வகையில் இரண்டு தொல்லையும் குறைவு, அடி பாஸும் வலுவாக இருக்கும். ஆனால் கிண்ணத்துக்குள் ஒலி சுற்றுவதால் குரல் கொஞ்சம் பெட்டிக்குள் இருந்து வருவது போலாகும். விலை குறையக் குறைய இது கூடுதலாகத் தெரியும்.

தனி அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம், கணினி மின்விசிறி அலறுவதில்லை என்றால் யோசிக்காமல் திறந்த வகையை எடுங்கள். ஒரே விலையில் ஒலிக்குக் கூடுதல் மதிப்பு அதில்தான். அறையில் இன்னொருவர் தூங்கவோ படிக்கவோ செய்கிறார், அல்லது அதே ஹெட்ஃபோனில் குரல் பதிவும் செய்வீர்கள் என்றால் மூடிய வகை. பாதி திறந்த வகை என்று விற்பவற்றையும் திறந்ததாகவே கணக்கில் வையுங்கள். ஒலி கசியத்தான் செய்யும்.

ஒலியா, வசதியா? எதற்கு முதலிடம்?

வசதிக்கு. மேசையில் உட்கார்ந்து கேட்பவர் ஒரே மூச்சில் மூன்று நான்கு மணி நேரம் மாட்டியிருப்பார். ஒலியின் சாய்வை, அதாவது பாஸும் ட்ரெபிள் எனப்படும் மேல் ஸ்தாயி ஒலியும் கூடக் குறைய இருப்பதை, கணினியிலேயே திருத்திக்கொள்ளலாம், எப்படி என்று கீழே இருக்கிறது. உச்சந்தலையில் குத்துவதைத் திருத்த மென்பொருள் கிடையாது.

பார்க்க வேண்டியவை இவை. எடை: எச்.டி. 600 சுமார் 260 கிராம், சுந்தரா சுமார் 370 கிராம். கையில் பிடித்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, இரண்டாவது மணி நேரத்தில் கழுத்துக்குத் தெரியும். இறுக்கம்: தளர்ந்தால் நழுவும், இறுகினால் தாடை வலிக்கும். பேடின், அதாவது காதைச் சுற்றி அமரும் மெத்தையின், உட்குழி: காது முழுவதும் உள்ளே போக வேண்டும், காது மடல் உள்ளே இருக்கும் துணியைத் தொடக் கூடாது. தொட்டால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது, ஒரு மணி நேரத்தில் அந்த இடம் எரியும். அதனால் கடையில் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள்; பாட்டே ஓடாவிட்டாலும் சரி, அரை மணி நேரம் தலையில் வைத்திருங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கிவிட்டால் அந்த இடுக்கு வழியாகக் காற்று கசியும். மூடிய வகையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல டெசிபல் அப்படியே காணாமல் போய்விடும். பாஸ் இல்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஹெட்ஃபோன்களில் பாதிக்கு இந்தக் காம்பே காரணமாக இருந்தால் ஆச்சரியமில்லை. வெல்வெட் போன்ற மென்துணிப் பேடும் மெல்லிய காம்பும் சேர்ந்தால் பிரச்சினை குறையும். செயற்கைத் தோல் பேடு காற்றை நன்றாக அடைக்கும், வியர்க்கவும் வைக்கும்.

புதிதாக வாங்கியது இறுக்கமாக இருந்தால், தலையைவிடச் சற்று அகலமான புத்தக அடுக்கின் மேல் ஓர் இரவு மாட்டி வையுங்கள். உலோகப் பட்டை உள்ளவற்றுக்கு மட்டும் இது. முழுக்கப் பிளாஸ்டிக் பட்டையை இழுத்தால் விரியாது, உடையும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டை மட்டும்: மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பான இம்பீடன்ஸ் எனப்படும் ஓம் அளவு, கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்லும் சென்சிடிவிட்டி எனப்படும் டெசிபல் அளவு. மற்றதெல்லாம் பெரும்பாலும் காதில் பூ சுற்றும் வேலை. 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருப்பார்கள். இத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மனிதக் காதின் எல்லையே ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். 50 மில்லிமீட்டர் டிரைவர் 40 மில்லிமீட்டர் டிரைவரைவிடச் சிறந்தது என்பதும் அப்படித்தான்.

ஓம் கூடினால் ஆம்ப் கட்டாயமா?

ஆம்ப் என்பது ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலியை வலுவாக்கும் தனிக் கருவி. அது வேண்டுமா என்று ஓம் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சென்சிடிவிட்டியைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சில நிறுவனங்கள் அதை ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று தரும், சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று தரும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். எல்லாவற்றையும் வோல்ட் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மில்லிவாட் கணக்கில் தந்த எண்ணோடு 32 ஓம் என்றால் 15, 80 ஓம் என்றால் 11, 250 ஓம் என்றால் 6, 300 ஓம் என்றால் 5 கூட்டினால் போதும்.

டி.டி. 770 ப்ரோவின் 250 ஓம் மாடலுக்கு மில்லிவாட்டுக்கு 96 என்று இருக்கிறது. 6 கூட்டினால் வோல்ட்டுக்கு 102 டெசிபல். எச்.டி. 560எஸ் 120 ஓம், அதற்கு வோல்ட்டுக்கு 110 என்று நிறுவனமே தருகிறது. சுந்தரா வெறும் 37 ஓம், மில்லிவாட்டுக்கு 94, அதாவது வோல்ட்டுக்கு சுமார் 108. ஆக 120 ஓம் ஹெட்ஃபோன் 37 ஓம் ஹெட்ஃபோனைவிடச் சுலபமாகச் சத்தம் தருகிறது.

லேப்டாப் ஜாக்குகள் பல ஒரு வோல்ட் அளவில்தான் தரும். 102 டெசிபல் ஹெட்ஃபோனை அதில் செருகினால் உச்சக்கட்ட ஒலி 102 வரை போகும். இன்றைய திரைப்பாட்டு, பாப் பாட்டுகளில் சராசரி ஒலி உச்சத்துக்கு 8, 10 டெசிபல் கீழேதான் இருக்கும்; அதற்கு இது தாராளம். மெல்லிய ஆலாபனையும் திடீர் உச்சமும் கலந்த பதிவுகளில் சராசரி 20 டெசிபல் கீழே இருக்கும். அதோடு ஒலியின் சாய்வைத் திருத்தும் ஈக்வலைசர் மென்பொருளுக்காக (கீழே வருகிறது) 6 டெசிபல் குறைத்துவிட்டால் சராசரி 76-க்கு இறங்கும், வால்யூமை முழுதாக ஏற்றியும் போதாதது போலிருக்கும். அந்த நிலையில் ஆம்ப் வாங்குங்கள். 110-க்குப் பக்கத்தில் இருக்கும் ஹெட்ஃபோனுக்கு வாங்க வேண்டியதில்லை. பாதி வால்யூமிலேயே போதும் போதும் என்று இருக்கிறவருக்கு ஆம்ப் எதையும் கூட்டித் தராது.

அப்படியானால் குறைந்த ஓம் வாங்கிவிட்டால் எல்லாம் சரிதானே?

அங்கேதான் வேறொரு சிக்கல். ஜாக்குக்கும் சொந்தமாக ஓர் உள் இம்பீடன்ஸ் உண்டு. அது ஹெட்ஃபோனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. மேசைக் கணினியின் மதர்போர்டுகள் சிலவற்றில் பின்பக்கப் பச்சை ஜாக் ஸ்பீக்கருக்காகச் செய்தது. 75 ஓமுக்குக் குறையாமல் இருப்பதும் உண்டு.

ஏன் இது முக்கியம் என்றால், பெரும்பாலான ஹெட்ஃபோன்களில் இருக்கும் சாதாரண டைனமிக் டிரைவரின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றுபோல் இருக்காது. 32 ஓம் என்று போட்ட ஹெட்ஃபோன் பாஸ் பகுதியில் 60 ஓம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 ஓம் ஜாக்கில் செருகினால் அந்தப் பகுதி மட்டும் மற்றதைவிட சுமார் மூன்றரை டெசிபல் தூக்கலாகிவிடும். பாஸ் நன்றாக இருக்கிறது என்று முதலில் தோன்றும், பிறகு எல்லாப் பாட்டிலும் ஒரே கொழகொழப்பு. தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும் பிளேனார் வகையில் ஓம் ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை, சத்தம் மட்டும் குறையும்.

டி.ஏ.சி. தனியாக வேண்டுமா?

டி.ஏ.சி. என்பது கணினியில் எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் பகுதி; கணினிக்குள்ளேயே ஒன்று இருக்கும். ஜாக்கில் செருகியதும் பாட்டே இல்லாதபோது இரைச்சல் வருகிறதா, மவுஸை நகர்த்தினால் கீச்சென்கிறதா என்று பாருங்கள். மேசைக் கணினியின் முன்பக்க ஜாக்கில் இது சகஜம். அங்கிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய கம்பி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் ஓடி, அதன் மின்னிரைச்சலை வாங்கிக்கொள்கிறது. இரைச்சல் இருந்தால் தனி டி.ஏ.சி. வேண்டும். இல்லாவிட்டால் வேண்டியதில்லை.

வேண்டும் என்றாலும் பெரிய பெட்டி தேவையில்லை. போன்களுக்காக விற்கும் விரல் நீள யு.எஸ்.பி. டாங்கிளே போதும்; கணினிப் பெட்டிக்கு வெளியே மாற்றம் நடப்பதால் உள்ளிருக்கும் இரைச்சல் அதைத் தொடாது, நல்லவற்றில் உள் இம்பீடன்ஸும் ஓரிரு ஓம்தான். ஒரு வோல்ட் தருவதா இரண்டு வோல்ட் தருவதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பணத்தை ஹெட்ஃபோனுக்கும் டி.ஏ.சி.க்கும் சரிபாதியாகப் பிரிப்பது வீண். ஹெட்ஃபோனுக்கும் ஹெட்ஃபோனுக்கும் உள்ள வித்தியாசம் மலை என்றால் டி.ஏ.சி.க்கும் டி.ஏ.சி.க்கும் உள்ளது மடு.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால்?

மேசையை விட்டு எழுந்து நடமாடுபவருக்குச் சரி. இசைக்காக மட்டும் என்றால் அதே விலைக்குக் கம்பியுள்ளதுதான் கூடுதல் ஒலி தரும். பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் இரைச்சல் நீக்கும் சுற்றுக்கும் போகும் பணம் இங்கே டிரைவருக்கும் பேடுக்கும் போகிறது. பேட்டரி சில வருடங்களில் தேயும், கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கணினியில் ப்ளூடூத்துக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அழைப்பிலோ விளையாட்டிலோ ஹெட்ஃபோனின் மைக் திறந்த அந்தக் கணம், பழைய ப்ளூடூத் முறைப்படி ஸ்டீரியோ பாதை மூடி, ஒற்றைத் தடத் தொலைபேசிப் பாதை திறக்கும். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதாகப் பலர் நினைப்பது இதைத்தான். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் கருவியாக லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி யு.எஸ்.பி. மைக்கையோ தேர்ந்தெடுத்தால் ஸ்டீரியோ திரும்பிவிடும்.

ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள் பல உண்டு. பெட்டியில் அவற்றில் ஒன்றான எல்டாக் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் விண்டோஸில் அது தானாக வராது, எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., ஆப்டெக்ஸ் என்று கணினிக்குக் கைவந்ததில்தான் ஓடும். இரைச்சல் நீக்கும் வகையைக் கம்பியில் இணைத்து, மின்சாரத்தை அணைத்துக் கேட்டால் ஒலியே மாறிவிடும் என்பதையும் கவனியுங்கள். அதன் சாய்வை உள்ளிருக்கும் சிப்தான் திருத்திக்கொண்டிருந்தது.

வாங்கும் முன் ஒலியை எப்படிச் சோதிப்பது?

பல வருடம் கேட்டு மனப்பாடமான நான்கைந்து பாட்டுகளோடு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றில் தனிக் குரல், ஒன்றில் மிருதங்கத்தின் இடது பக்கமோ பாஸ் கிட்டாரோ தெளிவாக வரும் பகுதி, ஒன்றில் வயலினும் சிம்பலும் உச்சத்துக்குப் போகும் இடம், ஒன்றில் பல கருவிகள் ஒரே நேரத்தில் மோதும் இடம். குரல் மூக்கடைத்தது போலிருக்கிறதா? மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற வளைவொலி இறங்குவது கேட்கிறதா, வெறும் தொப் தொப் என்கிறதா? பாடகரின் ஸகரம் ஊசியாகக் குத்துகிறதா?

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடியிருந்தால்கூட நம் காது அதை அதிக சத்தம் என்று சொல்லாது, நல்ல ஒலி என்று சொல்லும். பளிச்சென்ற ட்ரெபிளுக்கும் இதே குணம். கடையில் பத்து நிமிடத்துக்கு மயக்கும், வீட்டில் ஒரு மணி நேரத்துக்குள் கழற்ற வைக்கும். டி.டி. 990 ப்ரோ பலருக்கு அப்படித்தான். 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அதற்கு ஒரு கூர்மை உண்டு.

ஈக்வலைசர் போடுவது ஒலியைக் கெடுக்கும் என்கிறார்களே?

தவறாகப் போட்டால் கெடும். சரியாகப் போட்டால், கணினியில் கேட்பவருக்குக் காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

விண்டோஸுக்கு ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற மென்பொருள் இலவசம். நிறுவும்போது எந்தக் கருவிக்கு என்று கேட்கும், உங்கள் டி.ஏ.சி.யைக் குறியிட்டுவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். ஆட்டோஇக்யூ என்ற இலவசத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு அளந்து கணக்கிட்ட திருத்தங்கள் இருக்கின்றன. உங்கள் மாடலைத் தேடி அந்தக் கோப்பை ஏற்றுங்கள். லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் இதே வேலையைச் செய்யும். அந்தத் திருத்தங்களில் பல, ஷான் ஆலிவ், டாட் வெல்டி உள்ளிட்ட ஹார்மன் ஒலிக்கருவி நிறுவன ஆய்வாளர்கள் கேட்போரைக் கொண்டு சோதித்து வரைந்த இலக்கு வளைவை ஒட்டியவை. அது பலருக்குப் பிடித்த சாய்வு. உங்களுக்குப் பாஸ் அதிகம் என்று பட்டால் தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள்.

கையால் போடுவதென்றால், திறந்த வகைக்கு 80 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள பாஸை மொத்தமாக ஏற்றும் திருத்தம்), 4 டெசிபல் கூட்டி, க்யூ (திருத்தம் எவ்வளவு குறுகலானது என்ற அளவு) 0.7. ட்ரெபிள் குத்தினால் 8,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்து, க்யூ 3. பிறகு மறக்கவே கூடாதது: எவ்வளவு கூட்டினீர்களோ அவ்வளவை ப்ரீஆம்பில், அதாவது ஈக்வலைசரில் மொத்த ஒலியளவை வைக்கும் இடத்தில், கழிக்க வேண்டும். 4 கூட்டினால் ப்ரீஆம்ப் மைனஸ் 4. இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டு கரகரக்கும். ஈக்வலைசர் கெடுக்கும் என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அளவீட்டை நம்பி நுணுக்கமாகத் திருத்தாதீர்கள். அங்கே ஒவ்வொருவர் காதின் வடிவமும் ஒலியை மாற்றுகிறது.

சொன்னபடி செய்தும் ஒன்றும் மாறவில்லையா? விண்டோஸின் பொது ஒலிப்பாதையைத் தவிர்த்து ஒலியை நேரே கருவிக்கு அனுப்பும் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஆசியோ முறையில் உங்கள் பிளேயர் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த வழியில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. குறுக்கே வராது.

கணினியில் வேறு எதை மாற்ற வேண்டும்?

விண்டோஸில் உங்கள் கருவியின் பக்கத்துக்குப் போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணையுங்கள், ஸ்பேஷியல் சவுண்டையும் அணையுங்கள். லேப்டாப்போடு வரும் ஒலி மேம்பாட்டு மென்பொருள் சின்ன ஸ்பீக்கருக்காகச் செய்தது. ஹெட்ஃபோனில் அது ஒலியைக் குதறும். ஃபார்மட்டை 24 பிட், 44,100 அல்லது 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். மேக்கில் இது ஆடியோ மிடி செட்டப்பில் இருக்கிறது. 192,000 வரை ஏற்றி வைப்பதால் பாட்டுக்கு ஒன்றும் கூடாது.

ஸ்ட்ரீமிங் செயலியின் தரம் ஆட்டோவில் இருந்தால் உச்சத்துக்கு மாற்றுங்கள். நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட்டுக்கு மேலே, கண்ணைக் கட்டிக்கொண்டு வித்தியாசம் கண்டுபிடிப்பவர் மிகக் குறைவு.

பல மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழகி மெருகேறுமா?

பழகுவது பேடும் உங்கள் காதும்தான். பேடு அமுங்கி, டிரைவர் காதுக்கு நெருங்கும்போது கொஞ்சம் மாறும். முதல் வாரத்திலேயே பிடிக்காவிட்டால், நூறு மணி நேரம் ஓடட்டும் என்று காத்திருந்து திருப்பிக் கொடுக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கேமிங் ஹெட்செட்?

மைக்குக்கும் விளக்குக்கும் காசு கொடுக்கிறீர்கள். கம்பியுள்ள நல்ல ஹெட்ஃபோனும் தனி மைக்கும் சேர்த்து வாங்குவதே இசைக்கு நல்லது.

குரல் மட்டும் காணாமல் போய், கருவிகள் மட்டும் கேட்கின்றன. ஏன்?

ஜாக்கில் பொதுக் கம்பியான எர்த் தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போது இடது வலதின் வித்தியாசம் மட்டுமே கேட்கும், நடுவில் சமமாக நிற்கும் குரல் அழிந்துவிடும். ஜாக்கை முழுதாக அழுத்துங்கள். சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். கேபிள் கழற்றக்கூடியதா என்று வாங்கும்போதே பார்ப்பதற்கு இதுவே காரணம். டி.டி. 770 ப்ரோவில் கழற்ற முடியாது, எம்50எக்ஸில் முடியும்.

சார்ஜர் மாட்டினால் மட்டும் ஹம் என்று வந்தால் அது சார்ஜரின் தொல்லை, ஹெட்ஃபோனுடையது அல்ல. சில பாஸ் ஸ்வரங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் கொர்ரென்றால் பேடைக் கழற்றிப் பாருங்கள், தலைமுடி ஒன்று டிரைவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊசி வேண்டாம், இடுக்கியால் மெதுவாக எடுங்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைவாகத் தோன்றினால் இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். குறைவு அதே காதில் நின்றால் காரணம் உங்கள் காது, அழுக்கடைப்பாகக்கூட இருக்கலாம். மறு காதுக்குத் தாவினால் ஹெட்ஃபோனோ, கேபிளோ, ஜாக்கோ.

எவ்வளவு சத்தத்தில் கேட்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், அல்லது 4 மணி நேரம் 90 டெசிபல். திறந்த ஹெட்ஃபோனில் வெளிச்சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்றால் நீங்கள் மூடிய வகை வாங்கியிருக்க வேண்டும்.

பயன்படுத்தியதை வாங்கலாமா?

எச்.டி. 600, எச்.டி. 650, டி.டி. 770 மாதிரி உதிரிபாகம் கிடைப்பவற்றை வாங்கலாம். தட்டையான பேடைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் புதுப் பேடின் விலையைக் கேட்கும் தொகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் நிறுவனத்தின் பேடையே போடுங்கள், வேறு பேடு ஒலியின் சாய்வை மாற்றிவிடும். நேரில் சோதிக்கும்போது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலிக்கோப்பை மெதுவான சத்தத்தில் ஓடவிடுங்கள். ஒலி நடுத்தலையிலிருந்து எங்காவது ஒரு பக்கமாக நகர்கிறதா, எங்காவது அதிர்கிறதா என்று கேளுங்கள். அது ஓடும்போதே கேபிளின் இரு முனைகளையும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால், கேபிள் கழற்ற முடியாத மாடலாக இருக்கும்பட்சத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.